பார்வைக்கு நின்ற பிளஷர்

“ஏட்டி கோமதி, யானை வாங்குறவன்கூட அது திங்கிற தழைக்கு வழி பாத்துட்டுத்தான் வாங்குவான். நீ எதைப் பாத்துட்டி வாங்கப் போற?”

“யானை வாங்குறவன் ஒங்கிட்ட வந்து உத்தரவு கேட்டுட்டா வாங்குதான்? சத்தத்தக் குறை அண்ணே. தெருவே பாக்கு.”

“பாக்கட்டும்! பாக்கத்தானே கொண்டாந்து நிப்பாட்டியிருக்க!”

வன்னியபெருமாள் சொன்னதில் அந்த ஒரு வார்த்தைதான் நியாயம். பார்ப்பதைத் தவிர வேறு ஜோலி எதுவும் செய்ய முடியாதபடிக்கு அந்தப் பிளஷர் கார் தெருவில் நின்றது. மூக்கு குழாயடியில், வால் மாரித்தாயின் இட்லிக் கடை வாசலில். நடுவில் இருந்த நாலு வீட்டுக்காரர்களும் படியிறங்கினால் காருக்குள்தான் இறங்க வேண்டும். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்தபடி வாய் பார்த்து நின்றதில், குழாயில் தண்ணீர் வந்ததும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. அஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும் தண்ணீரைக் கோவில்பட்டியில் ஒரு தெருவே கோட்டை விட்டது என்றால் சண்டையின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம்.

வண்டி அமெரிக்காக்காரன் செய்தது. வெண்ணெய் நிறம். பின்பக்கம் மீனுக்கு இருப்பதுபோல் இரண்டு துடுப்பு. உள்ளே சோபா, ஜன்னலுக்குத் திரை, ஓடாத கடிகாரம் ஒன்று. முன்னால் பதித்திருந்த பெயரில் இரண்டு எழுத்து உதிர்ந்துவிட்டதால் அதை உச்சரிப்பதில் தெருவுக்குள் மூன்று கட்சி. முதலில் ஏதோ மலை எஸ்டேட் துரையிடம் இருந்ததாம். அப்புறம் ஒரு பஞ்சாலை முதலாளி வைத்திருந்து, அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு சின்னக் கார் வாங்கிக்கொண்டு இதைத் தரகர் காசிராஜன் தலையில் கட்டிவிட்டார்கள். வயது இருபது. கோமதியம்மாள் மகள் சொர்ணத்தாயைவிட ஒரு வயது மூப்பு.

சொர்ணத்தாயின் பேச்சும் அதற்குள் வந்துவிட்டது.

“மூணு ஏக்கர் கரிசல். அப்பா ஒனக்குன்னு எழுதி வச்சது. அதை வித்துத் தகரம் வாங்குவியோ?” என்றார் வன்னியபெருமாள்.

“எனக்குன்னு எழுதுனதுதானே? ஒனக்குன்னு எழுதலையே.”

“அப்படியா? நிலம் கைவிட்டுப் போச்சுன்னா ஒம் மகள எம் வீட்டுக்கு எடுக்க மாட்டேன். பெறகு கண்ணக் கசக்கிட்டு வரப்படாது.”

குடம் வைத்திருந்த பெண்கள் ‘ச்சூ’ கொட்டினார்கள். கோமதியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகினாள். அவள் முந்தானையைச் சொருகிவிட்டால் எதிராளி ஒரு அடி பின்னால் போய்விடுவது நல்லது என்று தெருவுக்குத் தெரியும். கூடப்பிறந்தவருக்கு ஏனோ தெரியவில்லை.

“பொண்ணுல்லா கேட்டுட்டு இருந்த ரெண்டு வருசமா? இப்ப நிலத்தப் பேசுத. ஒம் மகன் மாடக்கண்ணு யாரைக் கட்டப் போறான்? சொர்ணத்தாயவா, மூணு ஏக்கரையா? தாலி கட்டுறதுக்குக் கழுத்து எந்தப் பக்கம்னு வரப்புல தேடச் சொல்லு.”

வீட்டுக்குள் சொர்ணத்தாய் சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அதுதான் வன்னியபெருமாளை ரொம்பவும் சுட்டுவிட்டது. தங்கச்சியை விட்டுவிட்டு அவள் புருஷன் வேல்சாமியின் பக்கம் திரும்பினார்.

“ஏலே மாப்ள! திங்கக்கிழமை சிவகாசி லோடு இருக்கு. கூத்தடிச்சது போதும். வந்து லாரிய எடு.”

வேல்சாமி துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் நடத்தும் தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறவர். சொந்தக்காரன் என்பதால் சம்பளம் கூட்டிக் கேட்க முடியாது. டிரைவர் என்பதால் பந்தியில் முதல் இலையில் உட்கார முடியாது. இரண்டு பக்கமும் நஷ்டமான ஒரு உத்தியோகம். சித்திரையில் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் மத்தியில், “ஏலே, டிரைவர எங்க? எந்திரிச்சு வரச் சொல்லு, எலையில என்ன பண்ணுதான்?” என்று வன்னியபெருமாள் கூப்பிட்டதும், வேல்சாமி பாதிச் சோற்றில் எழுந்ததும் நடந்தது. எழுந்த புருஷனைவிட, பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த கோமதியம்மாளுக்குத்தான் அந்தச் சோறு இன்னும் தொண்டையில் நிற்கிறது. இந்த வண்டி வந்ததே அந்தப் பாதி இலையில் இருந்துதான். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு விட ஒரு பெரிய கார். அதை ஓட்ட அவள் ‘அவிய’ என்று சொல்லும் புருஷன். கூப்பிட்டால் எழுந்து போக வேண்டிய அவசியம் இல்லாத ஒரு ஸ்டியரிங்.

“அவிய திங்கக்கிழமை வருவாவளான்னு ஞாயித்துக்கிழமை சொல்லுதேன்” என்றாள் கோமதியம்மாள். “தரகர் அண்ணாச்சி, இங்கன வாரும்.”

காசிராஜன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பேச்சும் வெள்ளை.

“ஒரே கை ஓட்டுன வண்டி தாயி. ராசா மாதிரி வச்சிருந்தாவ. சாவியத் தொட்டா எந்திரிச்சுரும். இப்ப நீங்களே பாத்தியள்ளா?”

கோமதியம்மாள் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“சூடா இருக்கு. ஓட்டிட்டுல்லா வந்திருக்கீரு? நடத்திக் கூட்டியாந்த மாட்டுக்கு நொண்டி தெரியாது அண்ணாச்சி. எங்கப்பா முப்பது வருசம் கழுகுமலைச் சந்தையில மாட்டுத் தரகு பாத்தவிய. வண்டி இங்கனயே நிக்கட்டும். மூணு நாள் பார்வை. பிடிச்சா வாங்குதேன், இல்லைன்னா திருப்பிக் கூட்டிட்டுப் போரும்.”

“அது மாட்டுக்குல்லா? காருக்கு ஏது பார்வை?”

“காலு நாலு இருக்கா இல்லையா?”

காசிராஜன் தெருவைப் பார்த்தார். தெரு கோமதியம்மாள் கட்சியில் இருந்தது. அந்தத் தெரு எப்போதுமே வேடிக்கை நீளுகிற கட்சியில்தான் இருக்கும். அவள் கையில் கிடந்த இரண்டு வளையலை ஈடாக வாங்கிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை பொழுது சாய வண்டி எங்கிட்ட வரலைன்னா வித்ததாத்தான் அர்த்தம். பேசுன வெலையில சல்லி குறையாது” என்று சொல்லிவிட்டுப் போனார். வன்னியபெருமாள் போகும்போது பின் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக முகம்மது இஸ்மாயில் வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவர். வேல்சாமியின் லாரிக்கு எத்தனையோ முறை உயிர் கொடுத்தவர். வாயில் பொய் வராது, அதனால் பட்டறையில் கூட்டமும் வராது.

“பச்சத் தண்ணியா இருக்கயில எழுப்புங்க மாப்ள” என்றார்.

வேல்சாமி சாவியைத் திருப்பினார். கருக்கலில் ஒரு கிழவர் காறுவதுபோல் சத்தம் வந்தது. இரண்டாவது தடவை இன்னும் பெரிய கிழவர். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. பின்னால் நீலமாக ஒரு புகை கிளம்பி மாரித்தாயின் இட்லிக் கொப்பரையைச் சுற்றிவிட்டு மேலே போனது.

“எம்மா, சாம்பிராணி போட்டுட்டு!” என்றாள் மாரித்தாய்.

இஸ்மாயில் நீளமான திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல் எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவி மோந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தார், கருப்பட்டிக் காப்பி நிறத்தில் தண்ணீர் இருந்தது. அப்புறம் கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். அரைமணி நேரம் அவருடைய கால் இரண்டும்தான் தெருவுக்குத் தெரிந்தன.

கோமதியம்மாள் அந்த நேரத்தில் பின்சீட்டைத் தூக்கினாள். அடியில் அட்சதை அரிசி ஒரு கைப்பிடி, ஊக்கு ஏழெட்டு, வெள்ளி மெட்டி ஒன்று.

“கல்யாணத்துக்குப் போயிப் பழகுன வண்டிதாம்மா” என்றாள் சொர்ணத்தாய்.

“அந்த மெட்டி என்னுதா இருக்கும்” என்று மாரித்தாய் சொல்லிப் பார்த்தாள். இந்த வண்டி வந்து நிற்கும்வரை அவள் ஆயுசில் ஒரு காருக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை.

இஸ்மாயில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“தங்கச்சி, உள்ளதச் சொல்லுதேன். ரேடியேட்டர் நோயாளி. பத்து மைலுக்கு ஒருக்கா தண்ணி கேக்கும். ரிங் தேஞ்சிருக்கு, ஆயில் குடிக்கும். பெட்ரோலு குடிக்கதச் சொல்லவே வேண்டாம். ஸ்பேர் பார்ட்ஸ் மெட்ராஸ்லயே கெடையாது. எங்கூடப் பொறந்தவன் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.”

வேல்சாமியின் முகம் தொங்கிவிட்டது. கோமதியம்மாள் விடவில்லை.

“கெட்டுப் போகாத பொருளு எதுண்ணே இருக்கு? இது கெடும். கெட்டா இங்கன ஒக்கிட்டுச் சரி பண்ண முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க.”

இஸ்மாயில் தாடியைத் தடவினார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் “நிக்காம ஓடுமா?” என்றுதான் கேட்பார்கள்.

“கோவில்பட்டியில லேத்துக்கா பஞ்சம்? தீப்பெட்டி மிசினுக்கும் பஞ்சு மில்லுக்கும் கடையாத சாமானா? கண்ணாடியும் கதவு ரப்பரும் நீங்கலா எல்லாத்தையும் கடைஞ்சுரலாம். முதுகெலும்பு மட்டும் நல்லாயிருக்கணும். சேசிஸ் வளைஞ்சிருந்தா எந்த லேத்தும் நிமித்தாது.”

“வளைஞ்சிருக்கா?”

“அடியில படுத்துப் பாத்தா நேராத்தான் தெரியுது. பாரம் ஏத்திப் பாக்காம நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“பெட்ரோலு கல்யாண வீட்டுக்காரன் செலவு. பாரத்துக்கு நம்ம தெரு இருக்கு” என்றாள் கோமதியம்மாள்.

சனிக்கிழமை காலையில் தெருவில் பாரத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீட்டில் அஞ்சு பேர் என்று சொல்லிப் பதினோரு பேர் ஏறுவார்கள் என்பது கணக்கு. அதனால் பதினோரு பேர் ஏறினார்கள். பின்சீட்டில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் மடியில். முன்னால் வேல்சாமி, இஸ்மாயில், கோமதியம்மாள், சொர்ணத்தாய். மாரித்தாய் கடையை அடைத்துவிட்டு இட்லிக் கொப்பரையோடு வந்துவிட்டாள். ‘பாரந்தானே வேணும்’ என்றாள். அவள் ஒருத்தியே மூன்று பேர் கணக்கு. டிக்கியில் அரிசி மூட்டை இரண்டு.

விளாத்திகுளம் சாலையில் வண்டி கிளம்பியது. ஐப்பசி பிறந்து ஒரு வாரம். முதல் மழையில் விதைத்த கம்பும் உளுந்தும் ரெண்டு இலை விட்டிருந்தன. கண்ணுக்கு எட்டியவரை கறுப்பு, அதன்மேல் பச்சையில் கோடு கிழித்தாற்போல் முளை. கிழக்கே வானம் கறுத்து ஒரு மூட்டம். களையெடுக்கக் குனிந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மாரித்தாய் ஜன்னல் திரையை விலக்கி, தெரியாத ஊர்க்காரர்களுக்கெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். வட்ட இலையில் இட்லி சுற்றுக்கு வந்தது, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். எண்ணெய் சீட்டில் படாமல் தின்ன வேண்டும் என்று கோமதியம்மாள் உத்தரவு போட்டிருந்தாள். நாலு இடத்தில் பட்டது.

ஒன்பதாவது மைலில் பானெட்டுக்கு அடியில் ஆவி கிளம்பியது. இறங்கி, ஒரு கிணற்றில் இறைத்து ஊற்றினார்கள். “சொன்னேம்லா” என்றார் இஸ்மாயில். “பத்துன்னீங்க, ஒம்போதுலயே கேட்டுட்டு” என்றாள் கோமதியம்மாள். மற்றபடி வண்டி போனது. பாலத்துக் குழியில் இறங்கி ஏறும்போதுகூடத் தண்ணீர்ச் செம்பு தளும்பவில்லை. வேல்சாமியின் முதுகு, பன்னிரண்டு வருஷ லாரியில் கூனிப்போயிருந்த முதுகு, சீட்டில் நன்றாகச் சாய்ந்திருந்தது. கோமதியம்மாள் ரோட்டைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவளுடைய பிறந்த ஊருக்குத் திரும்பும் வண்டிப்பாதை வந்தது. அங்கேதான் தப்பு நடந்தது.

“நம்ம புஞ்சையில ஒருக்கா மிதிக்க விடணும்” என்றாள் கோமதியம்மாள்.

பார்வைக்கு வந்த மாட்டைத் தொழுவத்தில் கட்டும் முன்னால் சொந்த நிலத்தில் கால் வைக்க விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கால் வைத்ததும் மாடு மோண்டுவிட்டால் வீட்டுக்கு ராசி, வாங்கலாம். வண்டியில் இருந்த பதினோரு பேருமே கரிசலில் பிறந்தவர்கள். ஈரக் கரிசலில் செருப்போடு இறங்கினால் காலுக்கு இரண்டு படி மண் ஒட்டும் என்று தெரிந்தவர்கள். ஆனாலும் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. வழக்கம் என்றால் வழக்கந்தானே.

வண்டி மேட்டுப்பாதையில் ஊர்ந்துபோய், விதைக்காமல் களத்துக்கு விட்டிருந்த மூலையில் முன்சக்கரத்தை வைத்தது. வைத்த மாத்திரத்தில் ரேடியேட்டர் பொங்கி, கொடகொடவென்று தண்ணீர் மண்ணில் ஊற்றியது.

“மோண்டுட்டு! மோண்டுட்டுடீ!” என்று மாரித்தாய் குலவை போட்டாள். வண்டியே குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேலே இருந்தும் ஊற்றத் தொடங்கிவிட்டது. கிழக்கு மூட்டம் வந்து சேர்ந்திருந்தது.

கால்மணி நேரம் பெய்திருக்கும். கரிசலுக்கு அது போதும். வேல்சாமி பின்னால் எடுத்துப் பார்த்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. வலப்பக்க முன்சக்கரம் மட்டும் அச்சுவரை இறங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அம்மிக்கல்போல் உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேர் தள்ளினார்கள். தள்ளியவர்கள்தான் உள்ளே போனார்கள்.

பக்கத்துப் புஞ்சை வன்னியபெருமாளுடையது. களையெடுப்பு பார்க்க வந்திருந்தவர் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“என்னட்டி, யானை படுத்துட்டா?”

வேல்சாமி சக்கரத்தில் அப்பிய மண்ணைக் கையால் வழித்துப் போட்டார்.

“ரெண்டு சோடி மாடு பூட்டுனா பத்து நிமிசத்துல ரோட்டுல நிக்கும். நான் பூட்டுதேன். வண்டிய அந்தத் தரகங்கிட்டயே விட்டுரணும். மாப்ள திங்கக்கிழமை லாரி எடுக்கணும். தையில பிள்ளையளுக்குக் கல்யாணம், நிலம் பிள்ளைய பேருக்கு. சம்மதமா சொல்லு.”

வேல்சாமி தலையைத் தூக்கிப் பொஞ்சாதியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ‘சரின்னு சொல்லிரேன்’ என்றுதான் இருந்தது. முழங்கால்வரை மண், கையெல்லாம் மண், பாவம்.

“மண்ணு காயும் அண்ணே” என்றாள் கோமதியம்மாள். “ஒனக்கு வேல கெடக்கும். போ.”

மற்றவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினார்கள். இஸ்மாயிலும் கோமதியம்மாள் குடும்பமும் ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டார்கள்.

கோவில்பட்டிக்கு அந்தச் செய்தி பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காசிராஜன் வெள்ளை வேட்டியைத் தொடைவரை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் வன்னியபெருமாள். அவருக்குப் பின்னால் நுகத்தடியோடு இரண்டு சோடி மாடு. ஊரில் பாதிப் பேர்.

“என்ன தாயி இது? ராசா வண்டிய இப்படிச் சேத்துல போட்டுட்டியளே! பொழுது சாயப் போவுது. நான் சொன்னது சொன்னதுதான். பேசுன வெலைய எண்ணி வைங்க.”

கோமதியம்மாள் வண்டிக்கிட்டே போனாள். சாய்ந்து கிடந்த வண்டியின் முன் கதவைத் திறந்து மூடினாள். பின் கதவைத் திறந்து மூடினாள். சுற்றிப்போய் மண்ணில் காலை இழுத்து இழுத்து எடுத்து வைத்து, மேட்டுப் பக்கத்துக் கதவு இரண்டையும் திறந்து மூடினாள். நாலும் ஒரே சத்தம். பெட்டியில் பட்டுச்சேலையை வைத்து மூடுவதுபோல் மெத்தென்ற சத்தம். இஸ்மாயிலைப் பார்த்தாள். அவர் கண் விரிந்துபோயிருந்தது.

“ஒரு நாள் பூரா ஒரு கால் குழியில கெடந்திருக்கு. முதுகு நெளிஞ்சிருந்தா ஒரு கதவாவது மூட விடாமப் பிடிச்சிருக்கணும்” என்றார் மெதுவாக. “சத்தியம் பண்ணுதேன் தங்கச்சி. முதுகு நேரு.”

கோமதியம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள். காசிராஜன் கையில் வைத்தாள்.

“பொழுது சாயலை. ஒம்ம வண்டிய ஒம்மகிட்ட ஒப்படைச்சாச்சு. எம் வளையலக் குடும். ஓட்டிட்டுப் போரும்.”

காசிராஜன் சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வண்டி அச்சுவரை பூமிக்குள் இருந்தது.

“எப்படித் தாயி ஓட்டிட்டுப் போக?”

“அது ஒம்ம பாடு. சாவியத் தொட்டா எந்திரிச்சுரும்னீரே.”

ஊர் சிரித்தது. வன்னியபெருமாளுக்கு இதுதான் சமயம் என்று தோன்றிவிட்டது. “நீரு கவலப்படாதிரும் வே. நான் சும்மாவே இழுத்துத் தாரேன். சனியன் ஒழியட்டும். ஏலே, மாட்ட எறக்கு.”

“நிறுத்து!” கோமதியம்மாளின் சத்தத்தில் முன் சோடி மாடு காதை விடைத்தது. “இது யாரு புஞ்சை? வெதச்சு ஒம்போது நாளு. முளைய மிதிச்சுக்கிட்டுத்தான் மாடு வரணும். அந்த வண்டிப்பாதையும் எம் பட்டாவுலதான் கெடக்கு. எம் வார்த்தையில்லாம ஒரு குளம்பு உள்ள வந்துச்சு, நடு ஊர்ல நிறுத்திக் கேப்பேன். அண்ணன்னு பாக்க மாட்டேன்.”

மாட்டுக்காரர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். முளை விட்ட நிலத்தில் அடுத்தவர் மாட்டை இறக்குவது அந்தப் பக்கம் சாதாரணக் குற்றம் இல்லை. வன்னியபெருமாளுக்கு அது தெரியும். அப்பா ஒருமுறை அதற்காக ஒருத்தனுடைய ஏரை முறித்துப் போட்டதை இரண்டு பேருமே சின்ன வயசில் பார்த்தவர்கள்தான்.

“நீ இன்னும் நிலத்த விக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

“வித்தா நீ வந்து மிதிச்சிரமாட்டியா?”

காசிராஜன் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியோடு ஈர வரப்பில். “இப்ப என்னதான் சொல்லுதிய தாயி?”

“சந்தையில நிக்கிற மாட்டுக்கு ஒரு வெல. சேத்துல படுத்த மாட்டுக்கு ஒரு வெல. துண்ட எடும்.”

காசிராஜன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். கோமதியம்மாள் துண்டுக்கு அடியில் கையை விட்டாள். தரகர்கள் விரலைப் பிடித்து விலை பேசுவதை அந்த ஊர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறது. ஒரு பொம்பளை கை துண்டுக்குள் போனதை அன்றுதான் பார்த்தது. என்ன விரல் பிடித்தாளோ, காசிராஜன் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. முதலில் சிவந்தது, அப்புறம் கெஞ்சியது, கடைசியில் ‘தொலையட்டும்’ என்று தலை ஆடியது. மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டதாக ஊரில் பேச்சு. மூன்று ஏக்கர் விற்க வேண்டியதில்லை, இரண்டு போதும் என்பது மட்டும் கோமதியம்மாள் வாயாலேயே வந்தது.

“அப்ப என் வீட்டு உறவு?” என்றார் வன்னியபெருமாள்.

“ஓராளுக்கு ரெண்டு மொதலாளி ஆகாது அண்ணே. அவிய திங்கக்கிழமை வரமாட்டாவ.”

“சொர்ணத்தாயிட்ட கேட்டியா நீ?”

கூட்டத்தில் நின்ற சொர்ணத்தாய் முன்னால் வந்தாள். “மாடக்கண்ணு அத்தான் நல்லவுகதான் மாமா. அவுக வந்து கேட்டா ஓசிச்சிருப்பேன். நீங்கதான வந்தீங்க, நெலம் அளக்குற சங்கிலியத் தூக்கிட்டு.”

வன்னியபெருமாள் மாட்டைத் திருப்பச் சொல்லிவிட்டு நடந்தார். குடையை வரப்பிலேயே விட்டுவிட்டார். யாரோ கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

செவ்வாய்க்கிழமைவரை வெயில் அடித்தது. மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. வேல்சாமி சக்கரத்தைச் சுற்றிக் கடப்பாரையால் நோண்டி, ஊரெல்லாம் அடுப்பெரிக்க அடுக்கி வைத்திருந்த பருத்திமாரைக் கேட்டு வாங்கிக் கட்டுக்கட்டாகப் போட்டுப் பாதை விரித்தார். சாவியைத் திருப்பும் முன்னால், “எந்திரிக்கலைன்னா?” என்றார்.

“எந்திரிக்கலைன்னா எறங்கி இஸ்மாயில் அண்ணனக் கூப்பிடுங்க. அவிய எழுப்பட்டும். அதுக்குத்தானே கேட்டு வாங்குனது.”

முதல் கிழவர் காறினார். இரண்டாவது கிழவரும். மூன்றாவதும் காறிவிட்டு நின்றுபோனார். நாலாவதில் பிடித்தது. நீலப்புகை புஞ்சைமேல் பரவ, பருத்திமார் நொறுங்க, பிளஷர் மேட்டில் ஏறியது. வேல்சாமி ரோட்டுக்கு வந்து நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். கோமதியம்மாள் அந்தப் பக்கம் பார்க்காமல் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

அதற்கப்புறம் அந்த வண்டி எட்டு வருஷம் ஓடியது. நிக்காமல் ஓடியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கயத்தாறு மேட்டில் ஒரு மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறது. விளாத்திகுளத்தில் ஒரு பெண்ணை முகூர்த்தம் தப்ப விட்டிருக்கிறது. இஸ்மாயில் பட்டறை அந்த ஒரு வண்டியாலேயே பிழைத்தது என்றும், பிழைக்காமல் போனது என்றும் இரண்டு பேச்சு உண்டு. ஆனாலும் அதில் உட்கார்ந்து தாலி கட்டப் போவது என்றால் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

விற்ற இரண்டு ஏக்கரை ஓட்டப்பிடாரத்துக்காரர் செல்லத்துரை வாங்கினார். மிச்சம் ஒரு ஏக்கரில் கோமதியம்மாள் மிளகாய் போட்டாள். சொர்ணத்தாயை டெலிபோன் ஆபீஸ் உத்தியோகக்காரன் ஒருவன் நிலம் கேட்காமல் கட்டிக்கொண்டு நெய்வேலிக்குக் கூட்டிப்போனான். மாடக்கண்ணுவுக்கு சாத்தூரில் பெண் எடுத்தார்கள். பெண் வீட்டார் அந்தப் பிளஷர்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றதால் மாடக்கண்ணுவே வந்து அத்தையிடம் பேசிவிட்டுப் போனான். பத்திரிகை மட்டும் வரவில்லை. முகூர்த்தத்தன்று மாப்பிள்ளையும் பொண்ணும் பின்சீட்டில் இருக்க, பட்டுச்சேலை கட்டிய கோமதியம்மாள் முன்சீட்டில் தண்ணீர்ச் செம்போடு வந்து இறங்கினாள். “நான் கல்யாணத்துக்கு வரல, வண்டியோட வந்தேன்” என்றாள். வேல்சாமி பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். எழுந்து வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

மாடக்கண்ணு பம்பாயில் வேலை கிடைத்துப் போனான். வன்னியபெருமாளின் பொஞ்சாதி காலமாகி, தீப்பெட்டி ஆபீஸும் மிஷின் போட்டிக்கு நிற்க முடியாமல் கைமாறிய பின்னால் அவரும் மகனோடு போய்விடுவது என்று கிளம்பினார். அதுவரை தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை ரயிலடியில் கொண்டுபோய் விடப் பிளஷர் வந்து வாசலில் நின்றது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு ஜட்காவில் ஏறினார். கோமதியம்மாள் விடவில்லை. அவருடைய பெட்டி படுக்கையை எல்லாம் தானே தூக்கிக் காரில் வைத்தாள். ஜட்கா முன்னால் போனது. பிளஷர் குதிரை நடைக்கு அதன் பின்னாலேயே ஊர்ந்து போனது. கடைவீதியே எழுந்து நின்று பார்த்தது.

அவ்வளவு மெதுவாக ஓட்டினால் எந்த வண்டியும் சூடேறத்தான் செய்யும். தேர்முக்கில் ஆவி பொங்கி நின்றுவிட்டது. கோமதியம்மாள் இறங்கித் தண்ணீர் தேடினாள்.

ஜட்காவும் நின்றது. வண்டிக்காரன், “நேரமாவுது அண்ணாச்சி, ரயிலுக்கு” என்றான். வன்னியபெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டை மூடுகிற சத்தம் கேட்டு, எஞ்சின் பிடிக்கிறவரை குதிரையை நகர விடவில்லை.